ஒன்றேகால் அங்குலம்

முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டுதான் அவர் ஜீப் ஓட்டுவார். முதுகுவலி போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு கொண்டி இருக்கிறது, அதை இழுத்தால் சீட்டு முன்னால் வரும், தலையணையே வேண்டாம் என்று ஒருநாள் சொல்லப்போக, அவர் சிரித்துவிட்டார்.

"அது எனக்கு அறியாதா அண்ணாச்சி? ஆள் உக்காந்த இடம் அது. நான் தள்ளிட்டா, அப்புறம் அந்த இடம் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஆள் என்று அவர் சொன்னது தன் கணவரை. ஆறடிக்கு மேல் உயரமாம். இவர் முதன்முதலில் என்னிடம் வந்தபோது, அந்த ஆள் கல்ஃபுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் ஃபோனும் பணமும் வந்தன, பிறகு பணம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஜீப் இருந்தது. மலையேறுவதற்கென்றே அந்த மனிதர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். அதில் பெரிய எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கித் தோசை மாவு கொண்டுபோவார் இவர். காலையில் கலூர், அங்கிருந்து வெலிங்டன் தீவு, பிறகு வண்டியோடு படகேறி வைப்பின். மலையேற வேண்டிய வண்டி ஒரு மேட்டைக்கூடப் பார்க்காமல் ஹோட்டல் ஹோட்டலாக மாவு சுமந்துகொண்டிருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் இஞ்சிக் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடுகிற சந்தில் எனக்கு டயர் கடை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன் நான். பஞ்சர் ஒட்ட வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். இந்த ஊரில் தமிழன் கடை வைத்தால் அவன் அண்ணாச்சி. எண்பது வயது ஆட்டோக்காரருக்கும் நான் அண்ணாச்சிதான். நானும் ஊர் வழக்கப்படி எல்லாப் பெண்களையும் சேச்சி என்பேன், அக்கா என்று பொருள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, நாற்பதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. அவர் என்னை அண்ணாச்சி என்றும் நான் அவரைச் சேச்சி என்றும் கூப்பிட்டு, ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி வைத்திருந்தோம். அவர் பெயர் எனக்குத் தெரியும். வாய்விட்டு ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை.

அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேசுவது தமிழ்தான், ஆனால் பாதி மலையாளத்தில் நனைந்த தமிழ். என் கடையில் தொங்கும் தமிழ்க் காலண்டரை, காற்று அடித்து முடிவதற்குள் எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்துவிட்டுப் பெருமையாக என்னைப் பார்ப்பார். தப்பாகப் படித்தாலும் நான் திருத்த மாட்டேன். அந்தப் பார்வை கெட்டுவிடுமே என்று.

அவர் முதன்முதலாக என் கடைக்கு வந்ததே தண்ணீரால்தான். நிலா நிறையும் நாட்களில் காயல் பொங்கி எங்கள் தெருக்களுக்குள் வரும். வேலியேற்றம் என்பார்கள். மழையே இல்லாத வெள்ளைவெயிலில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும், மத்தியானத்துக்குள் வந்த வழியே போய்விடும். உப்புத்தண்ணீர் வண்டியின் அச்சைத் தொட்டால் பிரேக் டிரம் துருப்பிடித்துப் பாழாகும். அதுதான் அவர் கவலை.

"பெரிய டயர் போடணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

நான் கடமைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டயரை மட்டும் பெரிதாக்கினால் வண்டியின் மற்ற எல்லாம் அதோடு சண்டை போடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். இழுவை குறையும், ஏற்றத்தில் கிளட்ச் சூடாகும். பிரேக் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும். மீட்டர் ஐம்பது காட்டும்போது வண்டி ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கும், ஓடிய கிலோமீட்டரும் குறைவாகத்தான் விழும். இத்தனையும் தாங்கிக்கொண்டு கிடைப்பது என்ன? டயரின் குறுக்களவு இரண்டரை அங்குலம் கூடினால் வண்டி எழும்புவது அதில் பாதிதான், ஒன்றேகால் அங்குலம்.

"ஒன்னேகால் அங்குலம் போரும்," என்றார். "போன தடவை அவ்வளவுதான் முங்கிச்சு."

"அப்போ மட்கார்டுல நாலு விரல் வெட்டி எடுத்துருவோம் சேச்சி. உரசாது."

அவர் முகம் மாறியது. நான் அவர் கையை வெட்டுவதாகச் சொன்ன மாதிரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வெட்டறதா? ஆள் வந்து பார்த்தா எந்தா சொல்லும்? டயர்னா திரும்பக் கழட்டிடலாம். பழசு நாலையும் நான் வீட்ல எடுத்து வெக்கறேன். வெட்டினது பின்ன ஒட்டுமா?"

"அப்ப முழுசா ஒடிக்க முடியாதே?"

"ஒடிக்காம இருந்தாத் தீர்ந்துச்சு."

கிலோமீட்டர் விஷயம் மட்டும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. திரும்பப் போகும்போது கேட்டார், மீட்டர் நிஜமாகவே கம்மியாகத்தான் காட்டுமா என்று. ஆமாம் என்றேன். "நல்லது. ஆள் வந்து நோக்கும்போது வண்டி அதிகம் ஓடலைன்னு இருக்கும்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான்கு வருடம், அவர் ஒரு வண்டியை முழுதாக ஒடிக்காமல் ஓட்டினார். மட்டாஞ்சேரிச் சந்துகளில் அது சாதாரண காரியம் இல்லை. கருமிளகு மூட்டை ஏற்றிய லாரி ஒரு பக்கம், கைவண்டி ஒரு பக்கம், நடுவில் ஆடு படுத்திருக்கும். எந்தத் திருப்பம் தன் வண்டிக்கு ஒத்துவரும், எது வராது என்று அவர் மனதில் ஒரு வரைபடமே வைத்திருந்தார். அதிகம் ஒடிக்க வேண்டிய இடதுபுறத் திருப்பங்களைக் கூடியமட்டும் தவிர்ப்பார். இரண்டு நிமிடத்தில் போக வேண்டிய கிடங்குத் தெருவுக்கு அரை ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். படகுத்துறையின் சரிவில், மாவுப் பாத்திரங்களோடு, மற்றவர்கள் காட்டில் மட்டுமே போடுகிற நாலு சக்கர கியரைப் போட்டுக்கொண்டு உறுமியபடி ஏறுவார். படகில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

சுற்றிப்போக வழியே இல்லாத ஒரே ஒரு திருப்பம், என் கடை முன்னால் இருந்தது. அவர் வீட்டுக்குப் போக அந்த இடதுபக்கம் திரும்பியே ஆகவேண்டும். கொஞ்சம் ஒடித்து முன்னால் வருவார், நிறுத்துவார், பின்னால் போவார், மறுபடி கொஞ்சம் ஒடிப்பார். மூன்று தடவை, சில நாள் நான்கு. எல்லாம் முடிய நான்கு நிமிடம் ஆகும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். நான் எழுந்துபோய் அவர் வண்டிக்குப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், போதும்" என்று பின்பக்கத்தைத் தட்டுவேன். ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி மலையாளத்தில் கத்தினான், "சேச்சி, இது என்ன, ஜீப்பா கப்பலா?" அவர் கண்ணாடியில் பார்த்து நிதானமாகச் சொன்னார், "பதறாதடா மோனே. கப்பல்னா ஆள் ஏறி வந்திருப்பாரே."

அந்த நான்கு நிமிடத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். கண்ணாடி வழியாக, ஹாரன் சத்தத்துக்கு நடுவில். மாவு புளித்துவிட்டது என்பார். ஊருக்குப் போனீர்களா, அம்மா சுகமா என்று கேட்பார். சாயா குடித்தாயிற்றா என்று கேட்பார். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் போதுமா என்றால், போதும். அந்த நேரத்துக்கு முன்னால் நான் கையைக் கிரீஸ் போகக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். காதல் என்று சொல்ல இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு சொல்லும் என்னிடம் இல்லை.

ஒரு வேலியேற்றத்தின் காலையில், மாவு ஆட்டும் இயந்திரத்தைச் செங்கல் மேல் தூக்கிவைக்கக் கூப்பிட்டார் என்று அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே கதவைப் பார்த்தேன். அந்த ஆள் தன் உயரத்துக்கு வைத்த தாழ்ப்பாள், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு ஸ்டூல், தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஸ்டூலில் ஏறித்தான் தினமும் கதவைத் தாழிடுகிறார். நான்கு திருகாணி, ஐந்து நிமிட வேலை, கீழே இறக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அந்த ஆள் பார்த்த, இப்போது யாரும் பார்க்காத கால்பந்து சானலுக்கும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு வந்து தாழ்ப்பாளையா பாக்கப் போறாரு சேச்சி?"

"பார்ப்பாரு," என்றார். முட்டிவரை நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். "தூரத்துக்குப் போனவங்களுக்கு அதுதான் அண்ணாச்சி. நம்ம இடம் அங்கே அப்படியே இருக்குன்னு இருந்தா, எப்போ வேணும்னாலும் வரத் தோணும். மாறிப்போச்சுன்னா கால் கூசும்."

இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா. வைப்பினில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், கல்ஃபில் அந்த ஆளைப் பார்த்ததாகவும், கூட ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் இருந்ததாகவும் என்னிடமே சொன்னார். சேச்சியிடமும் சொல்லியிருக்கிறார். மறுநாள் திருப்பத்தில் நின்றபோது அவராகவே பேச்சை எடுத்தார். "அந்தச் சேட்டன் கண் பரிசோதிக்கணும். ஆள் மாறிப்போச்சாயிருக்கும்." பிறகு மூன்று தடவை முன்னும் பின்னும் போனார். அன்று நான்காவது தடவை தேவைப்பட்டது. பின்னால் வரும்போது என் கை வண்டியைத் தட்டியது அவருக்குக் கேட்கவில்லை, என் காலை இடிக்கும் தூரத்தில்தான் நிறுத்தினார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும்.

அந்த ஜீப்புக்கு அடியில் பட்டை பட்டையாக ஸ்பிரிங் வில்கள் இருக்கும். அந்த வில்லை வண்டியின் சட்டத்தோடு சேர்ப்பது இரண்டு சின்ன இரும்புத் தகடுகள். அவற்றைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நீளமான தகடுகளைப் போட்டால், முன்பக்கம் ஒரு அங்குலம் தூக்கும், உரசல் நின்றுவிடும். வெட்ட வேண்டியதே இல்லை. பழைய தகடுகளை ஒரு சாக்கில் போட்டுவைத்து, வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அரை நாள் வேலை. டயர் போட்ட அன்று எனக்கு அது நினைவுக்கே வரவில்லை, சத்தியமாக வரவில்லை. ஒரு வாரம் கழித்து நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர் என் கடைமுன்னால் ஐந்தாறு முறை முன்னும் பின்னும் போய்விட்டார், ஐந்தாறு முறை சாயா குடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.

நான்கு நிமிடத்துக்காக மட்டும் என்றால் மன்னிக்கலாம். எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. உரசல் இருக்கும்வரை என்றைக்காவது ஒருநாள் அவர் அலுத்துப்போய், "வெட்டிடுங்க அண்ணாச்சி" என்பார். அப்படி அவர் வாயால் சொல்கிற நாள், அந்த ஆளுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்ட நாள். அன்றைக்கு நான் என் விஷயத்தைச் சொல்லலாம். தகட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த நாள் வரவே வராது. சுகமாக ஒடித்துத் திருப்பிக்கொண்டு, சாகும்வரை அவர் காத்திருப்பார். அவர் முன்னும் பின்னும் போகப் போக, எனக்கு நம்பிக்கை வளர்ந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாள் வந்தது. காலைப் பத்து மணி, மாவெல்லாம் கொடுத்துவிட்டுக் காலிப் பாத்திரங்களோடு வந்தார். திருப்பத்தில் நிற்காமல், நேராகக் கடைமுன் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வெட்டிடுங்க அண்ணாச்சி."

"எதை?"

"மட்கார்டை."

கைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்துக் காட்டினார். வக்கீல் அனுப்பியது. அந்த மனிதர் விவாகரத்து கேட்டிருந்தார். இங்கிலீஷில் இருந்ததை ஏற்கெனவே யாரிடமோ வாசித்துக் கேட்டிருக்கிறார், என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. ஒரு வரியை மட்டும் விரலால் தொட்டுக்காட்டினார்.

"ஜீப்பை நானே வெச்சுக்கலாமாம். ஆளுக்கு அது வேண்டாமாம்." கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். "பத்து வருஷம் அண்ணாச்சி. ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன். வேண்டாம்னு எழுத அவருக்கு ஒரு வரி போரும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்துவந்து வயரைச் செருகினேன். சாக்கட்டியால் மட்கார்டில் கோடு போட்டேன். இவ்வளவு நாள் எதிர்பார்த்த கோடு அது. அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வேற வழி ஒண்ணும் இல்லையில்ல?"

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். பின்னறையில் எட்டு விதமான நீளத்தில் தகடுகள் கிடந்தன. சொன்னால் அவர் ஒரு கணம் யோசிப்பார், வண்டி முழுதாக இருக்கட்டும் என்பார், அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பயந்தேன்.

"இல்ல சேச்சி," என்றேன்.

வெட்டி முடிக்க அரைமணி நேரம். பொறி பறந்தது, அவர் காதைக்கூடப் பொத்தவில்லை. இரண்டு பக்கமும் பிறை மாதிரி இரண்டு துண்டுகள் கீழே விழுந்தன. விளிம்பை ராவி, சிவப்பு பிரைமர் அடித்துக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தார், திருப்பத்தில் போனார், ஒரே ஒடிப்பில் திரும்பிப் போய்விட்டார். பின்பக்கம் தட்ட எழுந்தவன் அப்படியே நின்றேன்.

மறுநாளும் அப்படித்தான். ஒரே ஒடிப்பு, ஒரு கையசைப்பு, போயாயிற்று. நான்கு நிமிடத்தை என் கையாலேயே வெட்டி எறிந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பரவாயில்லை, எப்படியும் பேசத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என்ன சொல்வது என்று தயார் செய்தேன். கடையைத் திறக்கும்போது ஒருமுறை, மூடும்போது ஒருமுறை, மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சேச்சி என்று ஆரம்பிப்பதா பெயரைச் சொல்லி ஆரம்பிப்பதா என்பதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்கச் சொல்லி வந்தார். வண்டிக்குள் மாவுப் பாத்திரங்கள் இல்லை. துணி மூட்டையும் இரண்டு பெட்டியும் இருந்தன. சித்தி மகள் இடுக்கிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறாளாம். அங்கே வருகிற சுற்றுலாக்காரர்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்ட ஜீப் வேண்டுமாம், ஓட்ட ஆளும் வேண்டுமாம்.

"வெட்டினதும்தான் தோணிச்சு," என்றார். "இனி இது என் வண்டிதானே. எங்கே வேணும்னாலும் போலாமே. நீங்க மட்டும் அன்னைக்கு வெட்டித் தரலைன்னா, நான் இங்கேயே இருந்திருப்பேன்."

நான் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். "எப்ப வருவீங்க?"

"நல்ல கேள்வி. வராம இருக்கத்தானே அண்ணாச்சி போறேன்."

எவ்வளவு காற்று வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அதிகமாகத்தான் வைத்திருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு முற்பகல் அவர் ஃபோன் செய்தார். பின்னால் காற்று இரைந்தது, யாரோ குழந்தைகள் கத்தினார்கள். வண்டி நன்றாக ஏறுகிறது, கிளட்ச்தான் கொஞ்சம் சூடாகிறது என்றார். மலையில் குளிர், மாவு புளிக்கவே மாட்டேனென்கிறது, நல்லவேளை அந்தத் தொழிலை விட்டேன் என்று சிரித்தார். பிறகு சொன்னார்.

"இங்கே ஒரு மெக்கானிக் வண்டிக்கு அடியில பார்த்துட்டு என்னைக் களியாக்கிச் சிரிக்கறான். அடியில ஏதோ தகடு மாத்தினாப் போதுமாயிருந்துச்சாம், எதுக்கு வெட்டினீங்கன்னு கேக்கறான். நேர்தானா அவன் சொல்றது?"

"ஆமா சேச்சி."

"உங்களுக்கு அறியுமா அது?"

"தெரியும்."

"அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

குழந்தைகளைத் தள்ளிப் போய் விளையாடச் சொல்வது கேட்டது.

"பின்ன ஏன் சொல்லல?"

கோபத்தில் கேட்கவில்லை. மெதுவாக, அடுத்து நான் சொல்லப்போவதற்கு இடம் விட்டுக் கேட்டார். இதைவிட ஒரு பெண் எப்படிக் கேட்க முடியும்? கடையைத் திறக்கும்போதும் மூடும்போதும் நான் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருந்தன. கடையில் யாரும் இல்லை. ஹாரன் அடிக்கக்கூட அன்று ஒரு வண்டி இல்லை.

"நீங்கதானே வேற ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றேன்.

"அதே," என்றார். "நான்தான் சொன்னேன்." அம்மா சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், வண்டியை எடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. அவர் கேட்டது அதை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மூன்று மழைக்காலம் போய்விட்டது, அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. அவர் எண் என்னிடம் இருக்கிறது, நான் அழைக்கலாம். ஆனால் நானாக அழைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பேன்? அவர் இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், இந்த முறை சரியாகச் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் ஃபோன் எண்ணைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறேன்.